எழுத்துக்கூட்டும் விளையாட்டுகள்: கைப்பேசித் திரையும் தொடக்கநிலைத் தமிழ் வாசிப்பும்

முன்னுரை

தமிழ் வகுப்பறையில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். தொடக்கநிலை இரண்டில் பயிலும் குழந்தை ஒன்று கைப்பேசியில் விளையாடுகிறது. திரையில் பள்ளிக்கூடத்தின் படம். அதன் கீழே மூன்று கட்டங்கள். அவற்றுக்கும் கீழே ப, ள், ளி என்னும் மூன்று எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. குழந்தை அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டங்களில் சேர்க்கிறது. மணி ஒலிக்கிறது, நட்சத்திரங்கள் மின்னுகின்றன, 'மிக நன்று' என்று ஒரு குரல் பாராட்டுகிறது. மறுநாள் சொல்வதெழுதுதலில் 'நான் பள்ளிக்குச் செல்கிறேன்' என்று ஆசிரியர் சொல்ல, அதே குழந்தை 'நான் பல்லிக்குச் செல்கிறேன்' என்று எழுதுகிறது.

பிழையைக் கண்டு நமக்குச் சிரிப்பு வரலாம், குழந்தைக்கு வருவதில்லை. நேற்றுப் பாராட்டிய சொல்லுக்கு இன்று சிவப்பு மையில் வட்டம் விழுந்தது ஏன் என்று அதற்கு விளங்குவதில்லை. விளையாட்டு அதற்குக் கற்பித்தது என்ன, கற்பிக்காமல் விட்டது என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுத்த மூன்று எழுத்துகளை மூன்று கட்டங்களில் அடுக்கும் திறனை அது வளர்த்தது. 'பள்ளி' என்னும் சொல்லில் வருவது லகரமா ளகரமா என்னும் கேள்வியை அது கேட்கவே இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை பதியாது.

கைப்பேசி விளையாட்டுகளை ஒதுக்கித் தள்ளுவது இவ்வுரையின் நோக்கமன்று. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பதும் அன்று. தமிழ் எழுத்தின் இயல்பு எத்தகையது, அவ்வியல்புக்குப் பொருந்தும் விளையாட்டு எப்படி அமைய வேண்டும், அதை ஆசிரியரும் பெற்றோரும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பவற்றை ஒழுங்காக ஆராய்வோம்.

1. எழுத்துக்கூட்டல் என்பது யாது?

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்னும் பேசும் பொம்மையை வெளியிட்டது. பொம்மை ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்; குழந்தை அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தும்; சரியா தவறா என்று பொம்மை கூறும். இன்று கைப்பேசியில் நாம் காணும் எழுத்துக்கூட்டும் விளையாட்டுகள் பலவும் இந்த அமைப்பின் வழிவந்தவையே. தமிழுக்கென்று ஆக்கப்பட்டவற்றுள்ளும் பல, ஆங்கில விளையாட்டின் எலும்புக்கூட்டில் தமிழ் எழுத்துகளைப் பொருத்தியவையாகவே உள்ளன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, அது சொல்லில் ஒலிக்கும் முறை வேறு. 'எச்' என்று பெயர் சொல்லப்படும் எழுத்துச் சொல்லின் முதலில் ஹகர ஒலியாய் நிற்கிறது. சில சொற்களில் ஒலிக்காமலே போகிறது. ஆகவே ஒரு சொல்லின் எழுத்துகளை வரிசையாகச் சொல்வதே அங்கு ஒரு தனித்திறன். அதற்குப் போட்டிகளும் நடக்கின்றன. தமிழில் அவ்வாறில்லை. 'ம' என்னும் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ம, லை என்று எழுத்துகளைச் சொன்ன அளவிலேயே குழந்தை 'மலை' என்று படித்துவிடுகிறது. நம் முன்னோர் 'எழுத்துக்கூட்டிப் படித்தல்' என்று ஒரே தொடரில் இரண்டையும் சேர்த்துச் சொன்னது இதனால்தான். தமிழில் எழுத்துக்கூட்டல் வாசிப்பின் வாயிற்படி.

2. படிக்க எளிது, பிழையின்றி எழுத அரிது

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. புதிதாய்க் கற்கும் குழந்தையின் பெற்றோரை இவ்வெண் அச்சுறுத்துவதுண்டு. ஆனால் 247 வடிவங்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் தெரிந்து, கால், கொம்பு, விசிறி முதலிய குறியீடுகளின் பயன் தெரிந்தால் பெரும்பாலான உயிர்மெய்களைத் தாமே அடையாளம் காணலாம். உகர, ஊகார வரிசைகள் மட்டும் இந்த ஒழுங்கிற்கு எளிதில் அடங்குவதில்லை. கு, சு, து, பு, மு ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் உகரத்திற்கு ஒரே குறி இல்லை என்பது விளங்கும். குழந்தைகள் நெடுநாள் தடுமாறுவதும் இவ்விரண்டு வரிசைகளில்தான்.

1978ஆம் ஆண்டு நமக்கு இன்னொரு வகையிலும் நினைவிற்குரியது. தந்தை பெரியார் 1935இலிருந்து தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு அவ்வாண்டில் ஏற்றது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகள் ஏனைய எழுத்துகளின் ஒழுங்கிற்கு வந்தன. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அவ்வடிவங்களையே பள்ளிகளில் ஏற்றன. இன்றைய குழந்தை கற்க வேண்டிய தனி வடிவங்கள் அதன் பாட்டனார் கற்றவற்றைவிடக் குறைவு. பாட்டனார் எழுதிய பழைய கடிதத்தைக் காட்டி, இது என்ன எழுத்து என்று குழந்தை கேட்டால், அதுவும் ஒரு நல்ல மொழிப்பாடமே.

எனினும் இத்தகைய எழுத்துமுறைகளில் முழு வரிசையையும் கைவரப்பெறக் காலம் பிடிக்கும். தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புடைய கன்னட எழுத்தைக் கற்கும் சிறார்களை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு ஓரிரு ஆண்டுகளில் முடிவதன்று, தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகள் வரை நீள்வது என்று காட்டியது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் பாலர் பள்ளியிலேயே கற்றுவிடும் குழந்தை, தமிழுக்கு இன்னும் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் அதைப் பின்தங்கிய குழந்தை என்று கருதலாகாது.

படித்தலில் தமிழ் பெரிதும் ஒழுங்குடையது. ஒரு வல்லின எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு என்பது உண்மையே. 'கல்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஆயினும் எங்கு எவ்வாறு ஒலிக்கும் என்பதை எழுத்து நிற்கும் இடமே பெரும்பாலும் காட்டிவிடும். எழுதுதலில் நிலைமை வேறு. ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ந, ன, ண மூன்றும் இன்றைய பேச்சில் பலருக்கு ஒன்றாகவோ ஏறக்குறைய ஒன்றாகவோ ஒலிக்கின்றன. காதால் கேட்டதை எழுத்தாக்கும்போது குழந்தை எதைத் தேர்வது? புலி, புளி, கரி, கறி, மனம், மணம், வலி, வளி, வழி ஆகிய சொற்களில் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். தமிழில் வாசிப்பு விளையாட்டும் எழுத்துப்பிழை நீக்கும் விளையாட்டும் வெவ்வேறு வேலைகளைச் செய்ய வேண்டியவை என்பது இதனால் தெளிவாகும்.

3. இயந்திரம் எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும்

விளையாட்டைத் திறந்தவுடன் முதலில் கவனிக்க வேண்டியது, அது எழுத்தை எப்படி எண்ணுகிறது என்பதை. கணினியும் கைப்பேசியும் இன்று தமிழை ஒருங்குறி முறையில் சேமிக்கின்றன. அம்முறையில் உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. அகரமேறிய மெய் ஒரு குறியாகவும், உயிரின் அடையாளம் இன்னொரு குறியாகவும் சேமிக்கப்படுகின்றன, புள்ளியும் தனிக்குறியே. 'பள்ளி' என்னும் சொல்லில் நாம் காணும் எழுத்துகள் மூன்று. இயந்திரத்தின் நினைவில் இருப்பவை ப, ள, புள்ளி, ள, இகரக்குறி என ஐந்து. 'கொடி' என்பதில் நமக்கு இரண்டு எழுத்து. இயந்திரத்திற்கு நான்கு குறி.

நிரலை எழுதுவோர் இதைக் கருதாவிட்டால் விளைவு குழந்தையின் கண்முன் நிற்கும். 'பள்ளி'க்கு ஐந்து கட்டங்கள் தோன்றும். புள்ளி தனியே ஒரு கட்டத்தில் மிதக்கும். கொம்பு, தான் சேர வேண்டிய எழுத்து இல்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். தமிழில் எழுத்து என்பது எதுவோ அதையே சிதைத்துக் காட்டும் விளையாட்டு, வாசிப்பின் அடிப்படையையே குலைக்கிறது. இதற்குத் தொழில்நுட்பத்தில் தீர்வு இல்லாமலில்லை. அடிப்படைக் குறியையும் அதனோடு சேரும் குறிகளையும் ஒரே கொத்தாக எண்ணும் நெறியை ஒருங்குறி நிறுவனமே வகுத்திருக்கிறது. அதைப் பின்பற்றும் விளையாட்டில் 'பள்ளி' மூன்று கட்டங்களையே பெறும்.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. 'கெ' என்று தாளில் எழுதும் குழந்தை முதலில் கொம்பை இடுகிறது, பின்னர் ககரத்தை எழுதுகிறது. கைப்பேசியின் தமிழ் விசைமுகத்தில் ககரமே முதலில் வரும், உயிர் அதன்பின் வரும். உயிர்மெய்யில் மெய்யே முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பியம் கூறும் ஒலிமுறைக்கு விசைமுகமே இயைந்தது. ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு இந்த இலக்கணம் தெரியாது. கை ஒரு வரிசையையும் விரல் வேறொரு வரிசையையும் பின்பற்றுவதை மட்டுமே அது உணரும். வாயால் ஒருமுறை 'க்... எ... கெ' என்று சொல்லிக் காட்டினால் குழப்பம் நீங்கும். அதை விளையாட்டு செய்யாவிட்டால் ஆசிரியர் செய்ய வேண்டும்.

விசைமுகத்தைப் பற்றியும் சில சொல்வோம். தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த முயற்சியில் நம் வட்டாரத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைமுகம் தரமாக்கப்பட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், கைப்பேசிக்கான செல்லினமும் உலகத் தமிழர் பலருக்குத் தமிழில் எழுத வழிசெய்தன. குழந்தை விளையாட்டுக்கு எந்த விசைமுகம் ஏற்றது? ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் முறை பெரியவர்களுக்கு வசதியானது. எழுத்தையே இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு அது தமிழை ஆங்கிலத்தின் வழியே காணும் பழக்கத்தைத் தரும். ஆகவே தொடக்க வகுப்புகளில் தமிழ் எழுத்துகளே தெரியும் விசைமுகமும், எழுத்துகளைத் தொட்டு இழுக்கும் முறையுமே பொருத்தமானவை.

4. எந்த விளையாட்டு எதைக் கற்பிக்கிறது?

கடைகளிலும் செயலித் தளங்களிலும் கிடைக்கும் விளையாட்டுகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, விரலால் எழுத்தின் மேல் வரைவது. இது வடிவத்தைக் கைக்குப் பழக்கும். ஆனால் புள்ளிக்கோட்டின் மேல் விரல் செல்வதும், வெறுந்தாளில் எழுதுகோல் செல்வதும் ஒன்றல்ல. பிரான்சில் மரியேக் லோங்காம்ப் குழுவினர் பாலர்களைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், விசைப்பலகையில் தட்டிக் கற்றவர்களைவிடக் கையால் எழுதிக் கற்றவர்கள், அவர்களுள்ளும் சற்று வயது மிகுந்தவர்கள், எழுத்துகளை நன்கு அடையாளம் கண்டனர். திரை எவ்வளவு பெருகினாலும் எழுதுகோலை நாம் கைவிடலாகாது.

இரண்டாம் வகை, ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேர்வது. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் உருவான 'கிராபோகேம்' இவ்வகையில் புகழ்பெற்றது. குழந்தை ஓர் ஒலியைக் கேட்கிறது. திரையில் வரும் எழுத்துகளுள் உரியதைத் தொடுகிறது. அதன் தேர்ச்சிக்கேற்ப அடுத்த வினா எளிதாகவோ கடினமாகவோ வருகிறது. பின்னிய மொழியும் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய ஒழுங்குடையது என்பதால் இவ்வமைப்பு தமிழ் வாசிப்புக்கும் ஏற்றது. குறில் நெடில் வேறுபாட்டைப் பயிற்ற இதைவிட நல்ல வழி குறைவு.

மூன்றாம் வகை, எழுத்துகளை அடுக்கிச் சொல்லாக்குவது. சிரியப் போரால் பள்ளியிழந்த குழந்தைகளுக்காக நார்வே அரசின் ஆதரவுடன் நடந்த போட்டியில் 2017இல் வென்ற 'ஃபீட் தி மான்ஸ்டர்' என்னும் அரபு மொழி விளையாட்டு இவ்வகையைச் சேர்ந்தது. சரியான எழுத்தைச் சிறு பூதத்திற்கு ஊட்டினால் அது வளரும். பின்னர் அது பல மொழிகளில் ஆக்கப்பட்டது. இவ்வகை, சொல்லின் உறுப்புகளைக் குழந்தைக்குக் காட்டும். ஆனால் தேவையான எழுத்துகளை மட்டுமே கொடுத்தால், நாம் முன்னுரையில் கண்டதுபோல் பல்லியும் பள்ளியும் வேறுபடாது. 'ல்', 'லி' ஆகியனவும் உடன் கிடந்தால்தான் குழந்தை எண்ணிப் பார்க்கும்.

நான்காம் வகை, விடுபட்ட எழுத்தைத் தேர்வது. இதில் ஓர் இடர் உண்டு. பிழையான சொல்லை முழுமையாகத் திரையில் காட்டி, சரியானதைக் கண்டுபிடி என்று கேட்பது, பிழையையும் கண்ணுக்குப் பழக்குகிறது. பிழையாக எழுதிய சொற்களைப் படித்தவர்கள் பின்னர் அச்சொற்களைத் தாமும் பிழையாக எழுதும் வாய்ப்பு மிகுகிறது என்று ஜேக்கபியும் ஹாலிங்ஸ்ஹெட்டும் 1990இல் காட்டினர். மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும்! ஆகவே பிழைச்சொல்லைக் காட்டுவதைவிட, 'ப_ளி' என்று இடத்தைக் காலியாக விட்டு எழுத்துகளை மட்டும் தேர்வுக்குத் தருவது நன்று.

ஐந்தாம் வகை, சொல்லைக் கேட்டோ படத்தைப் பார்த்தோ துணையின்றித் தட்டுவது. இதுவே சொல்வதெழுதுதலுக்கு மிக நெருங்கியது, கடினமானதும் இதுவே. கண்டறிவது வேறு, நினைவிலிருந்து ஆக்குவது வேறு. முதல் நான்கு வகைகளில் முழு மதிப்பெண் பெற்ற குழந்தை ஐந்தாவதில் தடுமாறினால் அது வியப்பன்று. அடுத்த பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதையே அது காட்டுகிறது.

5. விதி உள்ள இடமும் விதி இல்லாத இடமும்

எழுத்துப்பிழைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது, விளையாட்டு ஆக்குவோரும் சில நேரங்களில் நாமும் செய்யும் தவறு. சில பிழைகளுக்கு விதி உண்டு. சிலவற்றுக்கு நினைவு மட்டுமே துணை.

நகரங்களை எடுத்துக்கொள்வோம். இன்று பலர் 'இரண்டு சுழி', 'மூன்று சுழி' என்று சொல்லிக்கொடுக்கிறோம். பழைய பெயர்கள் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்பன. இப்பெயர்களுக்குள்ளேயே விதி அடங்கியிருக்கிறது. தகரத்தின் முன் வருவது 'ந்': பந்து, சந்தை. றகரத்தின் முன் வருவது 'ன்': கன்று, மூன்று. டகரத்தின் முன் வருவது 'ண்': வண்டி, நண்டு. சொல்லின் முதலில் வருவது நகரமே: நரி, நாய், நீர். இவற்றை அறிந்த குழந்தை இவ்விடங்களில் ஊகிக்க வேண்டியதில்லை. 'வன்டி' என்று எழுதிய குழந்தைக்குத் 'தவறு' என்று மட்டும் சொல்லும் விளையாட்டைவிட, 'டகரத்தின் தோழன் யார்?' என்று கேட்கும் விளையாட்டே ஆசிரியரின் பணியைச் செய்கிறது.

இன்னொன்று, மெய்யெழுத்தை அடுத்து வரும் ஒற்று. 'முயற்சி' என்பதை 'முயற்ச்சி' என்று எழுதுவது பெரியவர்களிடமும் காணும் பிழை. ட், ற் ஆகிய வல்லின மெய்களை அடுத்து இன்னொரு வல்லினம் இரட்டித்து வராது: கட்சி, நட்பு, முயற்சி, கற்பனை. ய், ர், ழ் ஆகியவற்றை அடுத்து இரட்டித்து வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி. முயற்சியையும் வளர்ச்சியையும் அருகருகே வைத்து விளையாடினால் இவ்விதி தானே விளங்கும்.

ரகரமும் ழகரமும் இரட்டிப்பதில்லை. ஆகவே 'வெற்றி'யில் ரகரத்திற்கும், 'பள்ளி'யில் ழகரத்திற்கும் இடமே இல்லை. 'பழ்ழி' என்று ஒரு விடையைத் தேர்வுக்குத் தரும் விளையாட்டு, தமிழில் இருக்கவே முடியாத ஓர் உருவத்தைக் குழந்தைக்குக் காட்டுகிறது.

விதி உதவாத இடங்களும் உண்டு. இரண்டு உயிர்களுக்கிடையே வரும்போது மனமா மணமா, ஏரியா ஏறியா, கிளியா கிழியா என்பதைச் சொல்லின் பொருளே முடிவு செய்யும். இங்கே தனிச்சொல்லை மட்டும் காட்டும் விளையாட்டால் பயனில்லை. 'மல்லிகையின் மணம்', 'மரத்தில் ஏறினான்' எனத் தொடரில் வைத்துக் காட்ட வேண்டும். மீண்டும் மீண்டும் படித்தலே இதற்கு மருந்து. விளையாட்டு ஒரு துணை, கதைப்புத்தகமே முதல்.

6. குரலும் சொற்களும்

எழுத்துக்கூட்டும் விளையாட்டின் உயிர் அதன் குரல். இயந்திரக் குரல் குறில் நெடிலை மயக்கினால், ழகரத்தை ளகரமாக ஒலித்தால், அக்குரலைக் கேட்டு எழுதும் குழந்தை பிழையின்றி எழுதுவது எப்படி? தெளிவாக ஒலிக்கும் மனிதக் குரலில் பதிவான விளையாட்டுகளையே தொடக்க வகுப்புகளுக்குத் தேர்வது நலம்.

எத்தகைய தமிழ் என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் 2005இன் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நல்லதே, வீட்டில் பேசும் தமிழைப் பள்ளி மதிக்கும்போது குழந்தை வாய்திறக்கிறது. ஆனால் எழுத்துக்கூட்டலில் 'வாளப்பளம்' என்று கேட்ட குழந்தை 'வாழைப்பழம்' என்று எழுத வேண்டியிருக்கிறது. இரண்டையும் மாறி மாறிக் கேட்கச் செய்து, பேசும்போது இப்படி, எழுதும்போது இப்படி என்று காட்டும் விளையாட்டே நமக்குத் தேவை. பேச்சைப் பிழை என்று ஒதுக்கும் விளையாட்டு, குழந்தையின் பாட்டியையே பிழை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சொற்களைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். அகரவரிசைப்படி செல்லும் விளையாட்டுகள், ஔ, ங, ஞ ஆகிய அருகி வரும் எழுத்துகளுக்கும் பிற எழுத்துகளுக்கும் ஒரே அளவு நேரம் செலவிடுகின்றன. ட, ப, ம போன்ற எளிய கோட்டுருவங்களில் தொடங்கி, படம், பட்டம், மடம் என்று உடனே சொற்களுக்குச் செல்லும் முறையை ஆசிரியர்கள் அறிவர். நம் குழந்தை காணும் உலகமும் சொற்களில் இருக்க வேண்டும். உழவும் ஏரும் மட்டுமன்றி, மின்தூக்கியும் பெருவிரைவு ரயிலும் உணவங்காடியும் ரப்பர்த் தோட்டமும் திரையில் வந்தால், தமிழ் தன்னைச் சுற்றியுள்ளவற்றையும் சொல்லும் மொழி என்று குழந்தை உணரும்.

திரையின் எழுத்துருவும் கவனத்திற்குரியது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் உள்ள வேறுபாட்டை இன்றைய வடிவில் காட்டும் முறையை வகுத்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர். சிறிய திரையில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், இகர விசிறியும் ஈகாரச் சுழியும் ஒன்றுபோல் தெரிந்தால் அவ்வேறுபாடு வீணாகும். மெய்யின் புள்ளி பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்த பிறகே செயலியைக் குழந்தையிடம் தரலாம்.

7. அருகில் ஒருவர்

இனி, இவ்வுரையின் மையமான கருத்துக்கு வருவோம். கிராபோகேம் குறித்து நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து மெக்டீக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2020இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அவ்வளவு கவனமாக ஆக்கப்பட்ட விளையாட்டும், சராசரியாகப் பார்த்தால், சொற்களைப் படிக்கும் திறனில் குறிப்பிடத்தக்க உயர்வைத் தரவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் குழந்தையோடு மிகுதியாக ஈடுபட்ட இடங்களில் பயன் தென்பட்டது. விளையாட்டு ஒன்றே, அருகில் ஆள் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

இது நம் நாட்டுச் சூழலில் இன்னும் கூர்மையான பொருள் தருகிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் குழந்தைகள் கணிதமும் அறிவியலும் தமிழ் வழியே தொடங்கும் சூழல் உண்டு. சிங்கப்பூரிலோ தமிழ் ஒரு பாடம். வகுப்பு முடிந்தபின் தமிழ் எழுத்தைக் காணாமலே நாள் கழியும் குழந்தைகள் பலர். அவர்களது கையில் கைப்பேசியைத் தந்து, 'தமிழ் விளையாடு' என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலைக்குச் சென்றால், குழந்தை தமிழோடு அன்று, நட்சத்திரங்களோடு விளையாடுகிறது.

தமிழ் நன்கு எழுதத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது என்னும் வினா எழும். அவர்களுக்கும் வழி உண்டு. குழந்தையே ஆசிரியராகலாம். 'இது என்ன எழுத்து? ஏன் இந்த ள?' என்று பெற்றோர் கேட்க, குழந்தை விளக்கட்டும். விளக்கும்போதுதான் அறிவு உறுதியாகும். பத்து நிமிடம் போதும். விளையாடி முடித்ததும் அன்று வந்த சொற்களுள் மூன்றைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் சொல்லச் செய்யலாம். அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தால் மறுநாளும் கண்ணில் படும்.

8. தேர்வுக்குச் சில வினாக்கள்

ஆசிரியர் ஒரு விளையாட்டைப் பரிந்துரைக்கும் முன் தாமே கால்மணி நேரம் விளையாடிப் பார்த்தல் வேண்டும். அப்போது பின்வருவனவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

'பள்ளி'க்கு எத்தனை கட்டங்கள் தருகிறது? உயிர்மெய்யைச் சிதைக்காமல் காட்டுகிறதா? குரல் ல, ள, ழ மூன்றையும் வேறுபடுத்தி ஒலிக்கிறதா? தவறான எழுத்தைத் தேர்ந்தால், 'தவறு' என்பதற்கு மேல் ஏதேனும் சொல்கிறதா? முன்பு தவறிய சொல்லைச் சில நாள் கழித்து மீண்டும் கேட்கிறதா? இருக்கவே முடியாத எழுத்துச்சேர்க்கைகளைத் தேர்வுக்கு வைக்கிறதா? எந்தெந்த எழுத்தில் குழந்தை தவறுகிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டுகிறதா? இடையிடையே விளம்பரம் வந்து கவனத்தைச் சிதைக்கிறதா?

இவற்றுள் இறுதிக்கு முந்தைய வினாவை நாம் பெரிதும் மதிக்கிறோம். மொத்த மதிப்பெண்ணால் ஆசிரியருக்குப் பயன் சிறிது. 'இக்குழந்தை இவ்வாரம் டகரத்தின் முன் ஆறு முறை னகரத்தை இட்டது' என்னும் ஒரு வரி, ஒரு பாடத்தையே வகுத்துத் தரும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக்கல்லூரியிலும் பயில்வோருள் நிரலாக்கம் கற்பவர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் தம்பி தங்கையருக்காக ஒரு சிறு விளையாட்டை ஆக்குங்கள். அதற்கு முதலில் 'பள்ளி' என்னும் சொல்லின் நீளத்தை உங்கள் நிரலிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று விடை வந்தால், அதை மூன்றாக்குவதிலிருந்து உங்கள் தமிழ்த்தொண்டு தொடங்கட்டும்.

முடிவுரை

முன்னுரையில் கண்ட குழந்தையிடம் மீண்டும் செல்வோம். சிவப்பு வட்டமிட்ட தாளோடு அது நம் முன் நிற்கிறது. அதன் கைப்பேசியைப் பறிப்பதால் பயனில்லை. அருகில் அமர்ந்து, பல்லி ஒன்றும் பள்ளி ஒன்றும் வரையச் சொல்வோம். ஒவ்வொன்றின் கீழும் பெயரை எழுதச் சொல்வோம். 'பல்லி' என்று சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடுவதையும், 'பள்ளி' என்று சொல்லும்போது அது மேலண்ணத்தை நோக்கி வளைவதையும் சொல்லிப் பார்க்கச் செய்வோம். பிறகு அதே விளையாட்டைத் திறந்து, ல், லி, ள், ளி நான்கையும் வைத்து மீண்டும் ஆடச் செய்வோம்.

அப்போது ஒலிக்கும் மணி குழந்தை உண்மையில் அறிந்த ஒன்றுக்காக ஒலிக்கும். 'பள்ளி' என்று அது தாளில் எழுதும்போது 'மிக நன்று' என்று சொல்ல வேண்டியவர் நாமே. அச்சொல்லைத் தமிழில், குழந்தையின் முகம் பார்த்துச் சொல்வோம்.